மூன்று தரம் வராமல் போன ட்ராம்

(ஸ்காபரோவில் நடந்த எமது இளையோர் சந்திப்பில் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, வீட்டு வாடகை இருக்கு, அகதி வழக்குகள் இருக்கு, யுத்தம் இருக்கு, இதெல்லாத்தையும் விட்டுப்போட்டு ட்ராமைப் பற்றியோ கதைக்கப் போறீங்கள்?" நியாயமான கேள்வி. பத்து வருசத்துக்கு முந்தி நானும் இதைத்தான் கேட்டிருப்பன். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே போறன். பதில் சரியில்லையெண்டால் கடைசியில் எழும்பிக் கேளுங்கோ.

என்ர அம்மா இந்த ஊருக்கு வந்த முதல் பதினொரு வருசம் ஒரு பொதி கட்டுற தொழிற்சாலையில் வேலை செய்தவ. காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். வீட்டிலிருந்து காரில் போனால் இருபது நிமிசம். பஸ்ஸில், நடுவில் ஒருக்கா மாறி ஏற வேண்டியதால், அவ நாலே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்குவா. மார்கழி, தை மாதங்களில் அந்த நேரம் எப்பிடி இருக்குமெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஏழு நிமிசம் பிந்திப் போனால் கால் மணித்தியாலச் சம்பளம் வெட்டு. அதனால ஒரு பஸ் முந்தியே போய், பூட்டின கதவுக்கு வெளியில நிற்பா. அந்த நிற்கிற நேரத்துக்கு ஆரும் சம்பளம் குடுக்கிறதில்லை. நான் ஒருநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தன். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம், வருசத்துக்கு இருநூற்றைம்பது நாள், பதினொரு வருசம். ஐயாயிரத்து ஐந்நூறு மணித்தியாலம். எட்டு மணித்தியால வேலைநாளாகப் பார்த்தால் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் வருச முழுநேர வேலை. கூலியில்லாத வேலை.

வேலைநேரத்தைப் பற்றி எங்கட ஆக்கள் நூறு கூட்டம் வைச்சிருப்பம். வேலைக்குப் போற நேரத்தைப் பற்றி எத்தனை கூட்டம் வைச்சம்?

வேற ஊர்களிலிருந்து இந்த மடலை வாசிக்கப்போறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஸ்காபரோ என்பது ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதி. ஈழத்தமிழர் மிகச் செறிவாக வாழும் இடங்களில் ஒன்று. அகலமான றோட்டுகள், ஒன்றுக்கொன்று தூரத்திலுள்ள அடுக்குமாடிகள், நடுவில் பெரிய கார்த் தரிப்பிடங்கள். பஸ்தான் இங்கு உயிர். நகர மையத்தில் ஸ்ரீற்கார் எனப்படும் பழைய ட்ராம்கள் நூறு வருசத்துக்கும் மேலாக ஓடுகின்றன. எங்கட பக்கம் அவை இப்போது வருவதில்லை. இனி நான் ட்ராம் எண்டு சொல்லுறது நவீன ட்ராமை. அதாவது கார்களோடு கலக்காமல் தனக்கெண்டு ஒதுக்கின தண்டவாளத்தில் ஓடுறது, தாழ்ந்த தளம் உள்ளது, தள்ளுவண்டியோடும் சக்கரநாற்காலியோடும் நேராக ஏறக்கூடியது. இங்கே அதை எல்.ஆர்.ரி எண்டு சொல்லுவினம். முப்பது மீற்றர் நீளமான பெட்டி, வேணுமெண்டால் ரெண்டைக் கொழுவலாம், ஒரு சாரதி போதும்.

அம்மப்பா கொழும்பில் கோட்டையிலிருந்து பொரளைக்குப் போற ட்ராமில் ஏறின கதை சொல்லுவார். கொழும்பில் அது 1960 வரைக்கும் ஓடினது. பிறகு கழற்றி எறிஞ்சாச்சு. சென்னையில் 1953இலேயே முடிஞ்சுது. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இதுதான் நடந்தது: காருக்கு இடம் விடுறதுக்காக ட்ராமைப் பிடுங்கினது.

சரி, ஸ்காபரோவுக்கு வாறன். எங்களுக்கு ட்ராம் வருது எண்டு மூன்று தரம் சொன்னவை. மூன்று தரமும் வரேல்லை.

முதல் தரம் எங்களில் பலர் பிறக்கவே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கென்னடி சப்வே நிலையத்திலிருந்து ஸ்காபரோ நகர மையத்துக்கு, நகரத்தில் ஏற்கெனவே ஓடுற மாதிரியான ஸ்ரீற்காரைத் தனிப் பாதையில் ஓடவிடுறதுதான் திட்டம். ஒன்ராறியோ மாகாண அரசுக்கு அப்போது சொந்தமாக ஒரு நிறுவனம் இருந்தது. அது சாரதி இல்லாமலும் ஓடக்கூடிய ஒரு புதுவகை ரெயிலை உருவாக்கி உலகச் சந்தையில் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்குறவனுக்குக் காட்ட ஒரு காட்சிப்பொருள் வேணும். ஸ்காபரோவைப் பிடிச்சினம். மாகாணத்தின் அழுத்தத்தால் ட்ராம் திட்டம் கைவிடப்பட்டு, 1985 மார்ச்சில் அந்தப் புது ரெயில் ஓடத் தொடங்கியது. இதைத்தான் நாங்கள் ஆர்.ரி எண்டு சொல்லி வளர்ந்தம். பனி கொட்டினால் நிண்டுபோற ரெயில். அந்தப் பெட்டிகளைப் பிறகு எங்கேயும் வாங்கவும் ஏலாது, வேற பாதைகளோடு இணைக்கவும் ஏலாது. ட்ராமாக விட்டிருந்தால் தண்டவாளத்தை அப்படியே மால்வேர்ன் வரைக்கும் நீட்டியிருக்கலாம்.

ரெண்டாவது தரம், 2007 மார்ச். மேயர் டேவிட் மில்லரும் ரி.ரி.சி.யின் தலைவராயிருந்த அடம் ஜியம்புறோனும் ட்ரான்சிற் சிற்றி எண்டு ஒரு திட்டத்தை வெளியிட்டினம். ஏழு புதிய ட்ராம் பாதைகள், சுமார் 120 கிலோமீற்றர். அதில் முக்கியமானது என்னவெண்டால், பாதைகள் போன இடங்கள். பணக்காரப் பகுதிகளை விட்டுப்போட்டு, ஜேன், ஃபிஞ்ச், ஷெப்பேர்ட், மால்வேர்ன் எண்டு, சம்பளம் குறைஞ்ச, குடிவந்த சனம் இருக்கிற விளிம்புகளுக்குக் கோடு போட்டிருந்தார்கள். ஸ்காபரோ–மால்வேர்ன் பாதை கென்னடியிலிருந்து எக்ளின்ரன் வழியாக, கிங்ஸ்ரன் றோட்டில் ஏறி, மோர்னிங்சைட்டில் திரும்பி, பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தைத் தொட்டுக்கொண்டு மேலே போகும். 2015 பான் அமெரிக்கன் விளையாட்டுகளுக்கு முன் அது வந்துவிடும் எண்டு எதிர்பார்ப்பு இருந்தது. நீச்சல் தடாகம் வந்தது. ட்ராம் வரேல்லை.

2010 டிசம்பரில் றொப் ஃபோர்ட் மேயராகப் பதவியேற்ற முதல் நாளே ட்ரான்சிற் சிற்றி முடிஞ்சுது எண்டு அறிவிச்சார். காருக்கு எதிரான யுத்தம் முடிஞ்சுது எண்டதும் அவருடைய கோசம்தான். எங்களுக்கு யுத்தமெண்டால் என்னவெண்டு தெரியும். 2010 எங்களுக்கு என்ன வருசம் எண்டதும் தெரியும். அந்த நேரம் எங்கட முழுக் கவனமும் வேற இடத்தில் இருந்தது. முகாம்களில் இருந்த சொந்தக்காரர், சன் சீ கப்பலில் வந்து இறங்கின ஆக்கள். மால்வேர்னுக்கு வர இருந்த ஒரு ட்ராம் பாதையை ஆரோ அழிச்சதை நாங்கள் கவனிக்கேல்லை. இதை ஆரையும் குற்றம் சொல்லிச் சொல்லேல்லை. நானும் கவனிக்காதவள்தான்.

மூன்றாவது தரம் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துறது. ஆர்.ரி பழுதாகிக்கொண்டு வந்தது. அதுக்குப் பதிலாக அதே பாதையில் ஏழு தரிப்புகளோடு ட்ராம் போடுறதெண்டு 2012இல் ஒப்பந்தமே எழுதியாச்சு. முழுக் காசும் மாகாண அரசின்ர. பழைய ஆர்.ரி பாதையையே பயன்படுத்தி நீட்டுறதால காருக்குரிய றோட்டில் ஒரு அங்குலம்கூட எடுக்கத் தேவையில்லை. சென்ரெனியல் கொலிஜ் வாசலிலும் ஒரு தரிப்பு. ஷெப்பேர்ட் வரைக்கும் போகும், பிறகு மால்வேர்னுக்கு நீட்டலாம். 2020 அளவில் ஓடும்.

அப்பதான் "ஸ்காபரோவுக்கும் சப்வே வேணும்" எண்ட கோசம் வந்தது. எல்லாக் கட்சியும் அதைத் தூக்கிச்சுது. 2013இல் ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நானும் கை தட்டினவள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அங்கிள் சொன்ன வசனம் இன்னும் ஞாபகம்: "டவுண்ரவுண்காரனுக்குச் சப்வே, எங்களுக்கு மட்டும் ட்ராமோ? நாங்கள் என்ன குறைஞ்ச சாதியோ?"

அந்த அங்கிளில் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருசமாக மிச்சம்மீதியைத் தின்னக் குடுத்த சனம் அப்பிடித்தான் கேட்கும். சாதி எண்ட சொல்லு அவருடைய வாயில் வந்ததையும் கவனியுங்கோ. மரியாதை, மேல் கீழ், ஆர் எந்த வாசலால போறது எண்ட பாசையில்தான் எங்கட ஆக்களுக்கு உடனே விளங்கும். அந்த மனக்காயத்தை அரசியல்வாதிகள் எங்களை விட நல்லா வாசிச்சிருந்தினம். ட்ராம் எண்டால் அவமதிப்பு, சப்வே எண்டால் மரியாதை எண்டு வித்தினம். ஆர் அதிகமாகப் பஸ் எடுக்கினம், அவை எங்கே இறங்கினம் எண்ட கேள்வி அந்த மண்டபத்தில் ஒருக்காலும் எழும்பேல்லை. மண்டபத்துக்கு எல்லாரும் காரில் வந்திருந்தினம். நானும் அண்ணையின்ர காரில்தான் போனது. அம்மா அண்டைக்குப் பின்நேர வேலை.

2013 அக்டோபரில் நகரசபை 24க்கு 20 எண்ட வாக்கில் ட்ராமைக் கைவிட்டு மூன்று தரிப்புச் சப்வேயைத் தெரிவு செய்தது. வீட்டுவரியில் 1.6 வீதம் கூட்டினது. 2016இல் மூன்று தரிப்பு ஒரு தரிப்பாகச் சுருங்கிச்சுது. செலவுக் கணக்கு மட்டும் 3.35 பில்லியன் டொலராக வளர்ந்தது. 2019இல் டக் ஃபோர்ட்டின் மாகாண அரசு திரும்ப மூன்று தரிப்பாக்கிச்சுது, 5.5 பில்லியன் எண்டு சொல்லி. சுரங்கம் தோண்டுற இயந்திரத்துக்கு டிகி ஸ்கார்டஸ்ற் எண்டு பெயர் வைச்சினம். பெயர் வைக்கிறதில எங்கட அரசாங்கங்களை அடிக்க ஏலாது.

இதுக்கிடையில் 2023 ஜூலை 24ஆம் திகதி ஆர்.ரி.யின் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு இறங்கிச்சுது. அஞ்சு பேருக்குக் காயம். பாதையை நிரந்தரமாகப் பூட்டினம். இப்ப அந்தச் சனம் முழுக்கப் பஸ்ஸில். சப்வே இந்தப் பத்தாண்டின் முடிவுக்கு முன் ஓடாது. 2020இல் ஏழு தரிப்பு ட்ராமில் ஏறியிருக்க வேண்டிய பிள்ளை, படிப்பு முடிச்சு, வேலைக்குப் போய், இன்னும் பஸ் தரிப்பில் நிற்குது.

சப்வேயை ஏன் அவ்வளவு ஆசைப்பட்டுக் குடுத்தினம் எண்டதை விளங்கிக்கொள்ள எனக்கு உதவினது ஸ்ராஸ்பூர்க் நகரத்தின்ர கதை. பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கு. 1989 நகரசபைத் தேர்தலே இந்தக் கேள்வியில்தான் நடந்தது. ஒரு பக்கம் நிலத்துக்குக் கீழ ஓடுற மெற்றோ வேணும் எண்டவை. கடைக்காரர்களும் அந்தப் பக்கம். மற்றப் பக்கம் சோசலிசக் கட்சியைச் சேர்ந்த கத்தரீன் திரோத்மான், ட்ராம் வேணும் எண்டவர். கடைக்காரர் ஏன் மெற்றோவை விரும்பினவை? ஏனெண்டால் மெற்றோ நிலத்துக்குக் கீழ போனால், மேலே றோட்டு காருக்கே இருக்கும். திரோத்மான் வென்றார். 1994இல் ட்ராம் ஓடிச்சுது. நகர மையத்தின் பெரிய சதுக்கத்தால் ஊடறுத்துப் போன கார்களை வெளியேற்றித்தான் அது ஓடினது. அவர் 1995இல் திரும்பவும் தெரிவானார். பாரிஸில் இருக்கிற தோழர்களுக்கு இது புதுசில்லை. லா கூர்நெவ் ஊடாகப் போற ரி1 ட்ராமில் தினமும் ஏறுறவை நீங்கள். 1992இல் அது சென்-தெனிக்கும் பொபினிக்கும் இடையில் வந்தபோது அந்த மாவட்டசபை பொதுவுடைமைக் கட்சியின் கையில் இருந்தது.

ஆக, நிலத்துக்குக் கீழ போறதுக்குச் செலவழிக்கிற பில்லியன்களில் பெரும்பகுதி பயணிக்கான செலவில்லை. மேலே றோட்டில் காருக்குத் தடங்கல் வராமல் இருக்கிறதுக்கான செலவு. எல்லா இடத்திலும் சப்வே பிழை எண்டு நான் சொல்லேல்லை. சனம் மிகச் செறிவாக உள்ள இடத்தில் அது வேணும். ஆனால் ஆறு லேன் அகலமுள்ள றோட்டு இருக்கிற ஸ்காபரோவில், மேலே இடமில்லை எண்டு ஆர் சொன்னது? இடம் இருக்கு. குடுக்க மனமில்லை.

வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகள் சங்கத்தின் ஒரு கணக்கு இருக்கு. ஒரு லேன், ஒரு மணித்தியாலம். கார் மட்டும் போனால் 600 முதல் 1,600 பேர். அதையே ட்ராமுக்கோ பஸ்ஸுக்கோ முழுதாக ஒதுக்கி, நல்லா நடத்தினால் 10,000 முதல் 25,000 பேர். றோட்டு எண்டது இந்த நகரத்தில் பொதுக்கைவசம் இருக்கிற மிகப் பெரிய நிலம். அந்த நிலத்தை ஆருக்குப் பிரிச்சுக் குடுக்கிறது எண்டதுதான் போக்குவரத்து அரசியல். வாசலில் கேட்ட தம்பிக்கு என்ர முதல் பதில் இது. வாடகைப் போராட்டமும் நிலப் போராட்டம்தான், இதுவும் அதுதான்.

இதுக்குள்ள எங்கட சமூகத்தைப் பற்றி ஒண்டு சொல்லாமல் போக ஏலாது. இங்கே வந்து ரெண்டாம் வருசம் கார், அஞ்சாம் வருசம் வீடு. கார் வாங்கினவுடன் பஸ் எங்கட நினைவிலிருந்து போயிடும். கலியாணப் பேச்சில் "பெடியன் இன்னும் பஸ்ஸிலதான் போறானாம்" எண்டு சொன்னால் அதுக்கு என்ன அர்த்தமெண்டு உங்களுக்குத் தெரியும். இப்ப பஸ்ஸில் நிற்கிற தமிழர் ஆர்? பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற புதுசா வந்தவை, ரெஸ்ரோரண்ட் குசினியில் இரவு வேலை செய்யிறவை, முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்யிற அக்காமார், கார் ஓட்டப் பழகாத அம்மம்மாக்கள், மாணவர்கள். எங்கட சங்கங்களின் நிர்வாகக் குழுவில் இவர்களில் ஒருத்தரும் இல்லை. கொரோனாக் காலத்தில் நகர மையத்துச் சப்வே வெறுமையாக ஓடினபோதும் ஸ்காபரோ பஸ்கள் நிரம்பித்தான் போனது. வீட்டிலிருந்து வேலை செய்யமுடியாத வர்க்கம் அந்தப் பஸ்களுக்குள்ளதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நகரசபை 2020 அக்டோபரில் எக்ளின்ரன் கிழக்கு, கிங்ஸ்ரன், மோர்னிங்சைட் றோட்டுகளில் எட்டரைக் கிலோமீற்றருக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சு பஸ் லேன் ஒதுக்கினது. பதின்மூன்று வருசமாக ஏலாது எண்டது கொஞ்ச மாதத்தில் ஏலுமாய்ப் போச்சு.

இனி, ட்ராம் வந்தால் எல்லாம் சரி எண்டு நினைக்கிறவர்களுக்கு ஃபிஞ்ச் மேற்கைக் காட்டவேணும். 10.3 கிலோமீற்றர், 18 தரிப்பு. ட்ரான்சிற் சிற்றியில் செத்துப்போகாமல் தப்பின பிள்ளைகளில் ஒண்டு. 2025 டிசம்பர் 7ஆம் திகதி ஓடத் தொடங்கினது. நான் போய் ஏறினன். புதுத் தண்டவாளம், புதுப் பெட்டி, தனி லேன், எல்லாம் இருக்கு. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் நிற்குது. இடது பக்கம் திரும்புற கார்களைப் போகவிட்டுத்தான் ட்ராமுக்குப் பச்சை. முந்நூறு பேர் உள்ளே இருக்க, நாலு கார் திரும்பி முடியும்வரை நிற்கிறம். ஓட்டவீரர் ஒருவர் பக்கத்தில் ஓடி ட்ராமை முந்தின காணொளி உங்களுக்கும் வந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வரேல்லை. பதினைஞ்சு வருசமாக "ட்ராம் எண்டால் ஆமை" எண்டு சொல்லிவந்தவர்களுக்கு இதை விட நல்ல பரிசு ஆரும் குடுக்கேலாது. ட்ராமில் பிழை இல்லை. லேனைக் குடுத்தவை, நேரத்தைக் குடுக்கேல்லை. ட்ராம் கிட்ட வரும்போது பச்சையை நீட்டுற, சிவப்பைச் சுருக்குற தொழில்நுட்பம் பல பத்தாண்டுகளாக இருக்கு. அதைப் போட வேண்டாம் எண்டது பொறியியல் முடிவில்லை. அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான் சிக்னல் முன்னுரிமையைப் பற்றி நகரசபை உசாராகப் பேசத் தொடங்கிச்சுது.

எதிர்மாறான உதாரணமும் இதே நகரத்தில் இருக்கு. 2017 நவம்பரில் கிங் ஸ்ரீற்றில் புதுசா ஒரு அடி தண்டவாளம்கூடப் போடேல்லை. ஊடறுத்துப் போற கார்களை மட்டும் ஒவ்வொரு சந்தியிலும் வலப்பக்கம் திரும்பிப் போகச் சொன்னார்கள். நூறு வருசப் பழைய ஸ்ரீற்கார் பாதையில் நாளொன்றுக்கு 72,000 ஆக இருந்த பயணிகள் 84,000 ஆகினம். அதே ட்ராம், அதே றோட்டு.

ஆர் கட்டுறது எண்டதும் எங்கட பிரச்சினைதான். எக்ளின்ரன் பாதையை 2011இல் தொடங்கி, 2020இல் திறப்பம் எண்டு சொல்லி, அஞ்சு வருசத்துக்கும் மேல பிந்தினது. வடிவமைக்கிறது, கட்டுறது, காசு புரட்டுறது, முப்பது வருசம் பராமரிக்கிறது எல்லாத்தையும் ஒரே தனியார் கூட்டமைப்பின் கையில் ஒப்பந்தமாகக் குடுக்கிற முறை இது. ஃபிஞ்சும் இதே மாதிரி. அரசுக்கு ஆபத்து குறையும் எண்டதுதான் வாதம். நடந்தது என்னவெண்டால், பிந்தினவுடன் மாகாண நிறுவனமும் கூட்டமைப்பும் மாறி மாறி வழக்கு. ஏன் பிந்துது எண்டு கேட்ட சனத்துக்கு, வணிக இரகசியம் எண்ட பதில். ட்ராமை ஓட்டுறது ரி.ரி.சி தொழிலாளர்கள், தண்டவாளத்தையும் பெட்டியையும் பராமரிக்கிறது தனியார். ஒரு கதவு பழுதானால் ஆரைக் கேட்கிறது? கொழும்பு ட்ராமும் தொடக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் கம்பனியின்ரதுதான். 1929இல் அந்த ட்ராம் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். பொலிஸ் சுட்டு ஆக்கள் செத்தவை. அதை நடத்தின ஏ. ஈ. குணசிங்க பிறகு மலையாளத் தொழிலாளர்களுக்கு எதிராகத் திரும்பினது வேற கதை. ஆனால் ஸ்காபரோச் சனத்தை டவுண்ரவுண் சனத்தோடு மோதவிட்டு வோட்டு வாங்கினதைப் பார்க்கும்போது எனக்கு அவருடைய ஞாபகம் வாறது.

எதிர்ப்பவர்கள் சொல்லுறதில் உண்மை உள்ள ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, கடைகள். எக்ளின்ரன் மேற்கில் லிற்றில் ஜமேக்கா எண்டு கறுப்பினச் சமூகத்தின் கடைத்தெரு ஒண்டு இருக்கு. பத்து வருசத்துக்கு மேல் வாசலில் வேலி, தூசு, தரிப்பிடம் இல்லை. எத்தனையோ சலூன், உணவுக்கடை பூட்டுப்பட்டுப் போச்சு. நாளைக்கு எங்கட பக்கம் தோண்டினால் அதே கதி எங்கட பலசரக்குக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடைகளுக்கும் வரும். கடைக்கார அண்ணைமார் ட்ராமை எதிர்த்தால் அவர்களைப் பிற்போக்கு எண்டு திட்டிப்போட்டு வர ஏலாது. தோண்ட முந்தியே நட்டஈட்டுக்குச் சட்டபூர்வமான உத்தரவாதம் வேணும் எண்டு அவர்களோடு சேர்ந்து நாங்கள் கேட்கவேணும். மற்றது வாடகை. ட்ராம் வாற றோட்டில் நிலத்தின் விலை ஏறும். ஏறினவுடன் பழைய அடுக்குமாடியைத் திருத்தப்போறம் எண்டு சொல்லி வாடகைக்காரரை எழுப்புவினம். ட்ராம் யாருக்காக வந்ததோ அவர்கள், அது வந்த அண்டைக்கு அந்த இடத்தில் இருக்கமாட்டார்கள். இதுக்கு ட்ராமை வேண்டாம் எண்டு சொல்லுறது விடையில்லை. மோசமான பஸ்தான் எங்கட வாடகையைக் குறைச்சு வைச்சிருக்கெண்டால், அதை விடக் கேவலமான வாடகைக் கட்டுப்பாடு வேற இருக்கேலாது. ஆனால் வாடகையாளர் சங்கத்தைக் கூட்டாமல் ட்ராமுக்கு ஆள் சேர்க்கப் போனால் நாங்கள் வீட்டுக்காரருக்கு வேலை செய்தவையாய்த்தான் முடிவம்.

இப்ப மேசையில் இருக்கிறது நாலாவது தரம். எக்ளின்ரன் கிழக்கு ட்ராம். கென்னடியிலிருந்து கிங்ஸ்ரன், மோர்னிங்சைட், பல்கலைக்கழக வளாகம், மால்வேர்ன். 18.6 கிலோமீற்றர், 27 தரிப்பு. முந்தின திட்டத்தில் இது எக்ளின்ரன் பாதையின் நேர் தொடர்ச்சியாக இருந்தது. சப்வேச் சுரங்கம் கென்னடியில் குறுக்கே வந்ததால், நேராக இணைக்கிறது பெருஞ்செலவு எண்டு சொல்லி இப்ப தனிப் பாதையாக்கியிருக்கினம். கென்னடியில் இறங்கி மாறவேணும். எங்களுக்கு மரியாதை எண்டு தந்த சப்வே எங்கட ட்ராமின் வழியை அடைச்சுப்போட்டுது. நகரசபை வரைபடம் கீறிக்கொண்டிருக்கு. கட்டி முடிக்கத் தேவையான காசை மாகாணமும் மத்திய அரசும் இன்னும் வைக்கேல்லை. சப்வேக்கு ஒரு இரவில் காசு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: 2013 செப்டம்பரில் ஹார்ப்பர் அரசு மட்டும் 660 மில்லியன்.

என்ர கருத்து, ட்ராமுக்காகக் காத்திருந்து கையைக் கட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. ஏற்கெனவே போட்ட சிவப்பு லேனில் சிக்னல் முன்னுரிமையை இப்பவே கேட்கலாம், அதுக்குத் தண்டவாளம் தேவையில்லை. அதைத் தர மாட்டம் எண்டு சொல்லுறவை நாளைக்கு ட்ராமுக்கும் தரமாட்டினம். அதை இப்பவே தெரிஞ்சுகொள்ளுறது நல்லது. பராமரிப்பு ரி.ரி.சி.யின் கையில் இருக்கவேணும் எண்டதை ஒப்பந்தம் எழுத முந்தியே கேட்கவேணும், எழுதின பிறகு முப்பது வருசம் போகும். ரி.ரி.சி தொழிற்சங்கத்தில் எங்கட பெடியள் கனபேர் சாரதிகளாக இருக்கினம். அவர்களோடு ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதைச்சாலே எந்தச் சந்தியில் எத்தனை நிமிசம் போகுதெண்டு சொல்லுவினம். எந்த ஆலோசகரின் அறிக்கையும் அவ்வளவு சரியாய் இருக்காது.

அந்த அங்கிளை நான் போன மாதம் ஒரு செத்தவீட்டில் கண்டனான். இப்ப கண் தெரியிறது குறைவு, லைசன்ஸ் எடுத்துப்போட்டினம். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ்ஸில் போறாராம். "பிள்ளை, அந்தச் சப்வே எப்ப வருது?" எண்டு கேட்டார். வருசத்தைச் சொன்னன். விரலில் எண்ணிப் பார்த்துப்போட்டு, ஒண்டும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடிச்சார்.

பின்னால மேசையில் ஒரு தாள் இருக்கு. எக்ளின்ரனிலும் மோர்னிங்சைட்டிலும் உள்ள தரிப்புகளில் நிண்டு சனத்தோட கதைக்க ஆக்கள் வேணும். தமிழ் மட்டும் தெரிஞ்சால் போதாது. தகலொக், உருது, சோமாலி தெரிஞ்ச சிநேகிதர்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ. பின்னேரம் வரமாட்டன் எண்டு ஒருத்தரும் சாட்டுச் சொல்ல ஏலாது, ஏனெண்டால் நாங்கள் நிற்கிற நேரம் விடிய அஞ்சு மணி. மொத்தமான கையுறை கொண்டுவாங்கோ. தேத்தண்ணிப் போத்தல் நான் கொண்டுவாறன்.